"தெரிந்த நபர்" - அடிபட்ட பெண்ணும் மருத்துவ மாணவரும்: ஒரு வரலாறு

புதுக்கோட்டை என்றதும் பலருக்குச் சித்தன்னவாசல் ஓவியம் நினைவுக்கு வரும். சிலருக்குத் தொண்டைமான் மன்னர்களும் திருமயம் கோட்டையும் நினைவுக்கு வரும். மருத்துவம் படிக்கிறவர்களுக்கு நினைவுக்கு வர வேண்டிய பெயர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1886 ஜூலை 30 அன்று இந்த ஊரில் பிறந்தவர். அவர் டாக்டராக வேண்டுமென்றால் சென்னைக்குத்தான் போயாக வேண்டும் என்ற நிலை அன்று இருந்தது. இன்று அப்படி இல்லை. 2017-இல் புதுக்கோட்டையில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. 2023-இல் அரசு பல் மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது.

இங்கே படித்து வெளியே வரும் ஒரு டாக்டர் முன்போ, நர்ஸ் முன்போ, பல் டாக்டர் முன்போ கணவனிடம் அடிபட்ட ஒரு பெண் வந்து உட்கார்ந்தால் அவர்கள் என்ன செய்ய வேண்டும்? காயத்துக்குத் தையல் போடக் கல்லூரியில் கற்றுக் கொடுத்திருப்பார்கள். அதற்கு மேல்? "வீட்டில் ஏதாவது பிரச்சினையா?" என்று எப்படிக் கேட்பது, ஆமாம் என்று அவர் சொன்னால் அடுத்து என்ன செய்வது என்பதை யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்?

இந்தக் கேள்விக்கு நூறு ஆண்டுகளுக்கும் மேலான வரலாறு இருக்கிறது. அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

விபத்துப் பதிவேடு சொல்லாதது

நம் அரசு மருத்துவமனைகளில் அடிதடிக் காயத்தோடு யார் வந்தாலும் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். மக்கள் அதை 'ஏ.ஆர். காப்பி' என்பார்கள். எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எதனால் அடிபட்டது, காயம் எத்தனை சென்டிமீட்டர், எவ்வளவு ஆழம் என்று எல்லாம் அதில் இருக்கும். யார் அடித்தது என்ற இடத்தில் மட்டும் வழக்கமாக "தெரிந்த நபர்" அல்லது "தெரியாத நபர்" என்று இருக்கும். குற்றவாளி யார் என்று முடிவு செய்வது போலீஸின் வேலை, கோர்ட்டின் வேலை, டாக்டரின் வேலை அல்ல என்பது இதற்குக் காரணம். சட்டப்படி பார்த்தால் அது நியாயமான காரணம்தான்.

ஆனால் இதன் விளைவு என்ன என்று பாருங்கள். பக்கத்து வயல்காரரும் "தெரிந்த நபர்"தான், பதினைந்து வருடம் கூடவே வாழ்ந்த கணவனும் "தெரிந்த நபர்"தான். முதலாமவரோடு நடந்தது ஒரு நாள் தகராறு. இரண்டாமவரோடு அந்தப் பெண் அன்று இரவே வீட்டுக்குத் திரும்பிப் போயாக வேண்டும். மருத்துவமனைக் காகிதத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை.

இதுவும் அடித்ததை அவர் ஒப்புக்கொண்டால்தான். "மாடிப்படியில் விழுந்துட்டேன்", "மாடு முட்டிடுச்சு" என்று சொல்லிவிட்டால் அந்த வார்த்தையும் வராது. கூட வந்து நிற்பவர் கணவனாகவோ மாமியாராகவோ இருக்கும்போது வேறு என்ன சொல்ல முடியும்?

1890: பெண் டாக்டர்களின் மனு

கணவன் செய்த கொடுமையை டாக்டர்கள் எழுதி வைத்ததால் சட்டமே மாறிய நிகழ்ச்சி ஒன்று நம் நாட்டில் உண்டு.

1890-இல் கல்கத்தாவில் பூல்மோனி தாசி என்ற சிறுமி இறந்து போனாள். வயது பத்து, பதினொன்று இருக்கும். வயதில் மிகவும் மூத்த கணவன் ஹரி மோகன் மைத்தி அவளோடு கட்டாயமாக உறவு கொண்டதில் ஏற்பட்ட காயமே மரணத்துக்குக் காரணம். அன்றைய சட்டப்படி மனைவிக்குப் பத்து வயது தாண்டிவிட்டால் கணவன் மீது பாலியல் வன்முறை வழக்குப் போட முடியாது. எனவே வேறு ஒரு பிரிவில் அவனுக்கு ஓராண்டு தண்டனை மட்டுமே கிடைத்தது.

அப்போது மான்செல் என்ற பெண் டாக்டர் முன்னின்று, இந்தியாவில் பணி செய்த 55 பெண் டாக்டர்களின் கையெழுத்தோடு அரசுக்கு ஒரு மனு அனுப்பினார். அதில் வெறும் கோரிக்கை மட்டும் இல்லை. தங்களிடம் சிகிச்சைக்கு வந்த சிறுமிகளின் நிலையும் எழுதப்பட்டிருந்தது. அதுவரை 'வீட்டு விஷயம்', 'மத விஷயம்' என்று பேசப்பட்ட ஒன்று, உடலில் தெரியும் காயமாக அரசின் மேசைக்கு வந்தது. 1891-இல் சம்மத வயதுச் சட்டம் நிறைவேறியது. வயது பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்ந்தது. இன்று நமக்கு அது அற்பமாகத் தோன்றலாம். அன்று அதற்கே நாடு முழுவதும் பெரும் எதிர்ப்பு இருந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த டாக்டர்களுக்கு இதையெல்லாம் எந்தக் கல்லூரியும் பாடமாக நடத்தவில்லை. பெண்கள் வார்டில் கண்ணால் பார்த்ததை அவர்களாகவே எழுதினார்கள்.

புதுக்கோட்டைப் பெண்

முத்துலட்சுமியின் கதை பலருக்கும் தெரிந்ததுதான், எனவே சுருக்கமாகச் சொல்கிறேன். ஆண்கள் மட்டும் படித்த புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில், எதிர்ப்பையும் மீறி மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அவரைச் சேர்த்துக் கொண்டார். பிறகு 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-இல் டாக்டராக வெளியே வந்தார்.

அவரது தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். பெண் உடல் மீது ஊர் வைத்திருக்கும் உரிமை என்ன என்பதை முத்துலட்சுமி புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணக்கும்போது, தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் வேலைகளுக்குத் தடை சொல்லக் கூடாது என்று நிபந்தனை வைத்துத்தான் மணந்தார். ஒரு டாக்டர் தன் திருமணத்துக்கே பாதுகாப்பு விதி எழுதிக் கொண்டார் என்று இதைப் பார்க்கலாம்.

பின்னர் சென்னை சட்ட மேலவையில் உறுப்பினராகித் துணைத் தலைவராகவும் ஆனார். பெண்ணின் திருமண வயதை உயர்த்தவும் தேவதாசி முறையை ஒழிக்கவும் பேசினார். பிரசவ அறையில் பார்த்தவற்றையே அவர் சட்டசபைக்குக் கொண்டு போனார் என்று சொன்னால் மிகையாகாது.

இந்தக் கட்டுரைக்கு முக்கியமானது இன்னொரு செய்தி. போக இடமில்லாத இளம் பெண்கள் அவர் வீட்டுக் கதவைத் தட்டியபோது, மற்ற விடுதிகள் அவர்களைச் சேர்க்க மறுத்தன. அவர் தன் வீட்டிலேயே தங்க வைத்தார். அதிலிருந்து பிறந்ததுதான் அவ்வை இல்லம். டாக்டர் மருந்து கொடுத்தால் மட்டும் போதாது, அந்தப் பெண் இன்றிரவு எங்கே தூங்குவாள் என்பதும் கேட்க வேண்டிய கேள்வி என்பதை அவர் செய்து காட்டினார். அந்தக் கேள்வி மருத்துவப் பாடத்தில் இடம் பிடிக்க இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின.

ஸ்டவ் வெடித்த காலம்

1980-களில் "ஸ்டவ் வெடித்து இளம்பெண் சாவு" என்ற செய்தி இல்லாத நாள் குறைவு. எல்லா ஸ்டவ்களும் மருமகள்கள் சமைக்கும்போது மட்டும் ஏன் வெடிக்கின்றன என்று பெண்கள் அமைப்புகள் கேட்டன. போராட்டங்களின் விளைவாக 1983-இல் கணவன், அவன் உறவினர்கள் செய்யும் கொடுமையைக் குற்றமாக்கும் 498-ஏ பிரிவு வந்தது. 1986-இல் வரதட்சணை மரணம் என்ற தனிக் குற்றப் பிரிவு வந்தது. திருமணமாகி ஏழு ஆண்டுகளுக்குள் சந்தேகமான முறையில் பெண் இறந்தால் பிரேதப் பரிசோதனையும் விசாரணையும் கட்டாயமாயின. 'ஆர்.டி.ஓ. விசாரணை' என்று செய்தித்தாளில் படிக்கிறோமே, அது இதுதான்.

இந்தச் சட்டங்கள் அவசியமானவை. ஆனால் மருத்துவக் கல்வியில் இதற்கு ஒரு பக்க விளைவு ஏற்பட்டது. கணவன் வன்முறை என்பது தடயவியல் மருத்துவப் பாடத்தின் ஒரு பகுதியாகிவிட்டது. தீக்காயம் எத்தனை சதவீதம், மரண வாக்குமூலம் கொடுக்கும்போது சுயநினைவு இருந்ததா, கழுத்தில் உள்ள தடம் தூக்கா அல்லது நெரித்ததா என்றெல்லாம் மாணவர் படித்தார். எல்லாமே கடைசிக் கட்டம். அதற்கு முன் அதே பெண் தலைவலி என்று எத்தனை முறை ஓ.பி.க்கு வந்தார், கர்ப்ப காலத்தில் வயிற்றில் அடிபட்டு வந்தாரா, பூச்சி மருந்து குடித்து வந்தபோது யாராவது காரணம் கேட்டார்களா என்பது பாடத்தில் இல்லை. இறந்த பெண்ணைப் பற்றிக் கற்றுக் கொடுத்த அளவுக்கு உயிரோடு வந்த பெண்ணைப் பற்றிக் கற்றுக் கொடுக்கவில்லை.

ஒரு மாணவியின் ஆய்வு

இது நம் நாட்டுக்கு மட்டும் உள்ள குறை அல்ல. அமெரிக்காவிலும் இதே நிலைதான் இருந்தது. அங்கே அதை வெளியே கொண்டு வந்தவர்களில் ஒருவர் ஒரு மருத்துவ மாணவி என்பது நம்மைப் போன்ற மாணவர்களுக்குச் சுவையான செய்தி.

யேல் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்த ஆன் ஃபிளிட்கிராஃப்ட், 1970-களில் தன் ஆய்வுக்காக மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த 481 பெண்களின் பழைய கோப்புகளை எடுத்துப் படித்தார். எவான் ஸ்டார்க் என்ற சமூகவியலாளரும் சேர்ந்து எழுதி 1979-இல் வெளியான கட்டுரை பலரை அதிர வைத்தது. 35 பெண்களில் ஒருவர்தான் அடிபட்டவர் என்று டாக்டர்கள் குறித்திருந்தார்கள். கோப்புகளை வரிசையாகப் படித்தபோது அந்த எண்ணிக்கை நான்கில் ஒருவர் என்ற அளவில் இருந்தது.

அப்படியானால் மற்றவர்களுக்கு டாக்டர்கள் என்ன எழுதினார்கள்? நரம்புத் தளர்ச்சி, இல்லாத நோயை இருப்பதாகச் சொல்பவர் என்பது போன்ற முத்திரைகள். கொடுத்தது தூக்க மாத்திரை, மன அமைதி மாத்திரை. அடி வாங்கிய பெண்ணே நோயாளி ஆனார், அடித்தவர் கோப்பில் எங்குமே இல்லை. நம் ஊர் "தெரிந்த நபர்" கூட அங்கே இல்லை!

1992-இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் குடும்ப வன்முறை பற்றி டாக்டர்களுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. பழைய கோப்புகளைப் பொறுமையாகப் படித்த ஒரு மாணவியின் உழைப்புக்கும் அதில் பங்கு உண்டு.

நம் நாட்டுக் கணக்கு

1990-களின் இறுதியில் இந்தியாவிலும் மருத்துவக் கல்லூரிகளில் பணிபுரிந்த ஆய்வாளர்களே களத்தில் இறங்கினார்கள். சென்னை, வேலூர் உட்பட ஏழு இடங்களில் 9,938 பெண்களிடம் பேசினார்கள். கிராமம், நகரம், குடிசைப் பகுதி எல்லாம் அதில் அடங்கும். திருமண வாழ்வில் ஏதாவது ஒரு வகை வன்முறையை அனுபவித்ததாக 40 சதவீதம் பேர் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களில் 56 சதவீதம் பேருடைய மனநலம் பாதிக்கப்பட்டிருந்தது. 2005-இல் ஒரு பிரிட்டிஷ் மனநல மருத்துவ இதழில் இது வெளியானது.

2019-21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு, திருமணமான பெண்களில் கணவனின் வன்முறையை அனுபவித்தவர்கள் நாட்டளவில் 29 சதவீதம் என்றது. தமிழ்நாட்டில் 38 சதவீதம். படிப்பிலும் மருத்துவத்திலும் முன்னணியில் இருப்பதாகப் பெருமைப்படும் நாம் இதில் தேசிய சராசரியைவிட மோசமாக இருக்கிறோம். வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி தேடியவர்கள் நாட்டளவில் 14 சதவீதம் மட்டுமே. 77 சதவீதம் பேர் யாரிடமும் வாயே திறக்கவில்லை.

வாய் திறக்காத அந்தப் பெண்கள் எங்கே போவதில்லை? போலீஸ் நிலையத்துக்குப் போவதில்லை, கோர்ட்டுக்குப் போவதில்லை. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். கர்ப்பப் பரிசோதனைக்கு, குழந்தைக்குத் தடுப்பூசி போட, தீராத இடுப்பு வலிக்கு. 'யாரிடமும் சொல்லவில்லை' என்பதற்கு 'யாரும் கேட்கவில்லை' என்றும் ஒரு பொருள் உண்டல்லவா?

மும்பையில் திறந்த கதவு

இந்தக் கேள்விக்கு இந்தியாவில் கிடைத்த முக்கியமான பதில்களில் ஒன்று 'திலாசா'. ஆறுதல் என்று பொருள். மும்பை பாந்த்ராவில் மாநகராட்சியின் பாபா மருத்துவமனையில், 'செஹாட்' என்ற ஆய்வு நிறுவனமும் மாநகராட்சியும் சேர்ந்து 2000-இல் தொடங்கின. மருத்துவமனைக்கு உள்ளேயே, மற்றத் துறைகளைப் போல ஒரு துறையாக இது இருந்தது என்பதுதான் புதுமை. எக்ஸ்ரே எடுக்கப் போவது போலப் போய்விட்டு வரலாம், வெளியே நிற்பவருக்குச் சந்தேகம் வராது.

அறை திறந்தால் மட்டும் போதாது, அனுப்பி வைக்க ஆள் வேண்டும். எனவே டாக்டர், நர்ஸ், ஊழியர்கள் எல்லோருக்கும் பயிற்சி கொடுத்தார்கள். சில பேரைப் பயிற்சியாளர்களாகவே ஆக்கி, மற்றவர்களுக்கு அவர்களையே சொல்லித் தரச் செய்தார்கள். விஷம் குடித்து வந்த பெண்களில் பலருக்குப் பின்னால் வீட்டு வன்முறை இருந்தது என்பது அங்கே தெளிவாகத் தெரிந்தது. தற்கொலை முயற்சி என்றால் போலீஸ் கேஸ் என்று பயந்து "தெரியாமல் குடித்துவிட்டேன்" என்று சொல்வது வழக்கம். (2017 மனநலச் சட்டத்துக்குப் பிறகு அந்தப் பயத்துக்குக் காரணம் இல்லை. ஆனாலும் மக்களிடம் பயம் போகவில்லை.) பின்னர் இந்த முறை மும்பையின் பல மருத்துவமனைகளுக்குப் பரவியது. மகாராஷ்டிராவில் எம்.பி.பி.எஸ். பாடங்களிலேயே இதைச் சேர்க்கும் முயற்சியும் நடந்தது.

தமிழ்நாட்டிலும் முயற்சிகள் உண்டு. செங்கல்பட்டுப் பகுதியில் 1981-இல் கிராமப் பெண்கள் தொடங்கிய 'ருவ்செக்' அமைப்பு, பெண்களின் உடல்நலத்தையும் வீட்டு வன்முறையையும் ஒரே பிரச்சினையாகப் பார்த்தது. சென்னையில் 'பி.சி.வி.சி.' அமைப்பு தீக்காயத்தில் பிழைத்த பெண்களுக்காகப் பணி செய்கிறது.

இதற்கிடையில் 2005-இல் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் நிறைவேறி, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்தது. மருத்துவமனைகளுக்கு இதில் நேரடிக் கடமை இருக்கிறது. முன்பே புகார் கொடுக்கவில்லை என்று சொல்லிச் சிகிச்சையை மறுக்கக் கூடாது. குடும்ப நிகழ்வு அறிக்கை எழுதப்படாமல் இருந்தால், மருத்துவமனைப் பொறுப்பாளரே எழுதிப் பாதுகாப்பு அலுவலருக்கு அனுப்ப வேண்டும். மருத்துவ அறிக்கையின் நகலை அந்தப் பெண்ணுக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும். இந்த மூன்றையும் அறியாத ஒரு டாக்டர், சட்டம் கொடுத்த உதவியைத் தன் மேசையிலேயே முடக்கி வைக்கிறார் என்று அர்த்தம்.

எதைச் சொல்லிக் கொடுப்பது?

உலக சுகாதார நிறுவனம் 2013-இல் வழிகாட்டுதலையும், 2014-இல் கையேட்டையும், 2019-இல் பயிற்சிப் பாடத்திட்டத்தையும் வெளியிட்டது. முதல் உதவியாக அது சொல்வது ஐந்து படிகள்:

1. அக்கறையோடு, தீர்ப்புச் சொல்லாமல் காது கொடுத்துக் கேட்பது.
2. அவருடைய தேவை என்ன, கவலை என்ன என்று விசாரிப்பது.
3. "உங்களை நம்புகிறேன், இது உங்கள் தப்பு இல்லை" என்று உணர்த்துவது.
4. இன்று வீட்டுக்குப் போனால் ஆபத்து உண்டா என்று சேர்ந்து யோசித்து, பாதுகாப்புக்கு வழி செய்வது.
5. உதவி கிடைக்கும் இடங்களோடு இணைத்துவிடுவது.

படிக்க எளிது. ஆனால் பழக்கம் இல்லாமல் வராது. ஊசி போடப் பழகுவது போல இதையும் பழக வேண்டும். முதலில் தனியிடம் வேண்டும். கூட வந்தவரை "கொஞ்சம் வெளியே இருங்க, பரிசோதனை பண்ணணும்" என்று சாதாரணமாக அனுப்பத் தெரிய வேண்டும். கணவன் எதிரில் கேட்கவே கூடாது, அது அந்தப் பெண்ணுக்கு அன்றிரவு இன்னொரு அடியாக முடியும். சொல்ல விருப்பமில்லை என்றால் கட்டாயப்படுத்தக் கூடாது. கதவு திறந்திருக்கிறது என்று தெரிந்தாலே அடுத்த முறை வருவார்.

எல்லாவற்றையும்விடக் கடினம் மூன்றாவது படிதான். ஏனென்றால் மாணவரும் இதே சமூகத்தில் வளர்ந்தவர். "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்ற பழமொழியைக் கேட்டுத்தான் அவரும் வந்திருக்கிறார். "நீ என்னம்மா பண்ணினே?" என்ற ஒரு கேள்வி போதும், அந்தப் பெண்ணின் வாய் ஆண்டுக் கணக்கில் மூடிக்கொள்ளும். ஆகவே இந்தப் பயிற்சியில் மாணவர் கற்றுக்கொள்வது பாதி, மறக்க வேண்டியது பாதி.

மீண்டும் புதுக்கோட்டை

இந்த மாவட்டத்துக்கு ஒரு நல்ல அனுபவம் உண்டு. 1991-இல் இங்கே தொடங்கிய அறிவொளி இயக்கம், அன்றைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தால் ஆயிரக்கணக்கான கிராமப் பெண்களுக்கு எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் ஓட்டக் கற்றுக் கொடுத்தது. கல் குவாரியில் வேலை செய்த பெண்கள் முதல் ஆசிரியைகள் வரை ஓட்டினார்கள். பஸ்ஸுக்கும் கணவனுக்கும் காத்திருக்காமல் வெளியே போய் வர முடிந்தது. சைக்கிளுக்கும் இந்தக் கட்டுரைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். ஆஸ்பத்திரிக்குத் தனியாக வர முடிந்த பெண்ணால்தான் டாக்டரிடம் தனியாகப் பேசவும் முடியும். சம்பந்தம் அதுதான்.

இன்றும் ஒரு கிராமத்தில் எந்த வீட்டில் யார் கர்ப்பம் என்று முதலில் தெரிவது கிராம சுகாதார செவிலியருக்கு. ஏழைத் தாய்மார்களுக்கான அரசின் மகப்பேறு உதவித் திட்டமே முத்துலட்சுமி ரெட்டி பெயரில் இருக்கிறது. அந்த உதவிக்காகப் பெண் பதிவு செய்யும்போது எடையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். அதோடு ஒரு கேள்வியையும் தனியாகக் கேட்க அந்தச் செவிலியருக்குப் பயிற்சி இருந்தால் எவ்வளவு மாறும்! தாடை எலும்பு முறிந்தோ பல் உடைந்தோ வருகிற பெண்ணைப் பார்க்கப் போவது பல் மருத்துவ மாணவர். அவருக்கும் இது பாடமாக வேண்டும்.

கேட்ட பிறகு அனுப்ப இடமும் இல்லாமல் இல்லை. 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது. மாவட்டங்களில் 'சகி' ஒருங்கிணைந்த சேவை மையங்கள் இருக்கின்றன, பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். 498-ஏ பிரிவு 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 85-ஆம் பிரிவாகத் தொடர்கிறது. முத்துலட்சுமி தன் வீட்டுக் கதவைத் திறக்க வேண்டியிருந்த காலத்தில் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

1890-இல் பெண் டாக்டர்கள் எழுதினார்கள், சட்டம் அசைந்தது. 1970-களில் ஒரு மாணவி பழைய கோப்புகளைப் படித்தார், மருத்துவம் தன் குறையைப் பார்த்தது. 2000-இல் ஒரு மாநகராட்சி மருத்துவமனை ஒரு அறையைத் திறந்தது, பெண்கள் வந்தார்கள். மருத்துவத்துக்கு உள்ளே இருப்பவர்கள் கேட்கத் தொடங்கியபோதெல்லாம் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது.

இனி வரும் மருத்துவ மாணவர்களும் பதிவேட்டில் "தெரிந்த நபர்" என்றுதான் எழுதுவார்கள். சட்டம் அப்படி. ஆனால் பேனாவை மூடி வைத்துவிட்டு, அந்தப் பெண்ணைப் பார்த்து, "வீட்டுக்குப் போக பயமா இருக்கா?" என்று கேட்க எந்தச் சட்டமும் தடை சொல்லவில்லை. அதைக் கேட்கத் தெரிந்தவராக ஒரு மாணவரை அனுப்புவதும் மருத்துவக் கல்லூரியின் வேலைதான்.